இருபத்து மூன்றாம் கட்டம்

எனக்குப் பத்து வயது நடந்த கோடையில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை அம்மா என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, மாமாவைத் தனியாக விடக் கூடாது என்றாள். மாமா என்றால் அவளுடைய தம்பி. இருபத்தாறு வயது ஆள், டெம்போ வேன் ஓட்டுகிறவர். அவருக்குக் காவலாக ஐந்தாம் வகுப்பு முடித்த ஒரு பெண்பிள்ளையை நிறுத்துவது எனக்கு விசித்திரமாக இருந்தது. எங்கள் வீட்டில் வழக்கமாக அது நேர்மாறாகத்தான் நடக்கும்.

“நானும் அப்பாவும் திண்டிவனம் போயிட்டு சாயங்காலம் வந்துடுவோம். அதுவரிக்கும் அவன் கூடவே இரு. எங்கயாச்சும் போறேன்னு கெளம்புனா விடாத. தோட்டத்துப் பக்கம் போனாக்கூட நீயும் போயி நின்னுக்கினு இரு. பேச்சு குடுத்துக்கினே இரு.”

“ஏம்மா?”

“அவனுக்கு ஒடம்பு சரியில்ல.”

உடம்பு சரியில்லாதவர்களுக்கு ஜுரம் இருக்கும், மாத்திரை இருக்கும், ரொட்டி வாங்கித் தருவார்கள். மாமாவுக்கு இவை எதுவும் இல்லை. நாலு நாளைக்கு முன்பு அப்பா அவரை அழைத்துக்கொண்டு வந்திருந்தார். அதற்கு முந்தைய ஒரு வாரம் மாமா கேரளாவுக்கு லோடு ஏற்றிக்கொண்டு போயிருந்ததாக எனக்குச் சொல்லப்பட்டது. ஆனால் வேன் இல்லாமல் வந்திருந்தார். தாடி வளர்ந்திருந்தது. விழுப்புரத்தில் ரயிலடிக்குப் பின்னால் இருந்த எங்கள் வாடகை வீட்டின் முன்னறையில் பாயைப் போட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கண்டாச்சிபுரத்திலிருந்து மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை ஏற்றிவரும் நாட்களில், தெருமுனையிலேயே விதவிதமாக ஹாரன் அடித்து என்னை வெளியே ஓடிவரச் செய்கிற மனிதர் அவர்.

அந்த நாலு நாளில் வீட்டிலும் சில மாறுதல்கள். கண்ணாடிக்கு மேலே அப்பா செருகிவைக்கும் பிளேடைக் காணவில்லை. அப்பா முகச்சவரத்துக்கு சலூனுக்குப் போய்வந்தார். அரிவாள்மணை அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது. அம்மா முறத்தில் கத்தரிக்காயை எடுத்துக்கொண்டு அங்கே போய் நறுக்கி எடுத்துவந்தாள். குளியலறைத் தாழ்ப்பாளை அப்பாவே திருகிக் கழற்றிவிட்டார். துருப்பிடித்துவிட்டதாம். முந்தின நாள்வரை அது நன்றாகத்தான் இருந்தது. எனக்கு எல்லாமே ஒரு மாதிரியாக இருந்தது. ஆனால் கேட்டால் பெரியவர்கள் முகத்தைக் கோணிக்கொண்டார்கள், அதனால் கேட்கவில்லை.

கிளம்பும்போது அம்மா மாமாவின் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போட்டாள். மாமா தலையை நிமிர்த்தவே இல்லை. அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்து, “சொன்னது ஞாபகம் இருக்கில்ல?” என்றார். நான் தலையாட்டினேன்.

பேச்சுக் கொடுக்கச் சொல்லியிருந்தாள் அம்மா. நான் கொடுத்தேன். பரீட்சையில் கணக்கில் எத்தனை மார்க் என்று சொன்னேன். எதிர்வீட்டு நாய் நாலு குட்டி போட்டதைச் சொன்னேன். மாமா சுவருக்குத் தலையசைத்தார். பத்து நிமிடத்தில் என்னிடம் இருந்த பேச்செல்லாம் தீர்ந்துபோனது. இன்னும் முழுப் பகல் பாக்கி இருந்தது.

ஏதாவது விளையாடலாம் என்றால் வீட்டில் விளையாட்டுச் சாமான் இல்லை. என்னுடைய பாம்பும் ஏணியும் அட்டையைப் போன மழைக்கு ஒழுகிய தண்ணீர் தின்றுவிட்டிருந்தது. சீட்டுக்கட்டு அப்பாவுக்கு ஆகாது. பொங்கலுக்கு எடுத்த புடவையின் அட்டைப்பெட்டி பரண்மேல் இருந்தது. அதன் மூடியை எடுத்துத் திருப்பிப் போட்டு, ஸ்கேல் வைத்துக் கட்டம் போட ஆரம்பித்தேன். நாற்பது கட்டம், வளைந்து வளைந்து போகிற ஒரு சாலை. எனக்குத் தெரிந்த சாலை ஒன்றே ஒன்றுதான். திண்டிவனத்தில் இருந்த என் அத்தை வீட்டுக்குப் போகிற சாலை. அதனால் முதல் கட்டத்தில் விழுப்புரம் என்றும், நாற்பதாவதில் திண்டிவனம் என்றும் எழுதினேன். நடுவில் முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, கூட்டேரிப்பட்டு.

காய்க்கு எனக்குப் புளியங்கொட்டை, மாமாவுக்கு ஒரு சட்டைப் பொத்தான். பகடைதான் பெரும்பாடாகிவிட்டது. அழிரப்பரைச் சதுரமாக வெட்டலாம் என்றால் வீட்டில் வெட்டுகிற பொருள் எதுவுமே இல்லை. கடைசியில் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்திருந்த ஒரு சாக்பீஸை உடைத்து, சிமெண்டுத் தரையில் ஆறு பக்கமும் தேய்த்துத் தேய்த்து ஒரு கட்டையாக்கி, பேனாவால் புள்ளி வைத்தேன். தேய்த்ததில் ஏதோ கோணல். ஆறு மட்டும் லேசில் விழாது.

“மாமா, இது நீ, இது நான். ரெண்டு வண்டியும் திண்டிவனம் போவுது. யாரு மொதல்ல போறாங்களோ அவங்க ஜெயிச்சாங்க. போடு.”

போட்டார். திரும்பிக்கூடப் பார்க்காமல், கையைப் பின்னால் நீட்டிப் போட்டார். அவருடைய பொத்தானையும் நான்தான் நகர்த்தினேன். ஏழெட்டு நிமிடத்தில் மாமா திண்டிவனம் போய்ச் சேர்ந்துவிட்டார்.

“நீ ஜெயிச்சிட்ட மாமா.”

“முடிஞ்சிச்சா?” என்றார். எழுந்து ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்தார். “கடை வரிக்கும் போயிட்டு வர்றேன் பாப்பா.”

கடிகாரத்தில் மணி இன்னும் பத்தாகவில்லை.

“நானும் வர்றேன்.”

“வெயிலு. நீ எதுக்கு?”

“இல்ல மாமா, ஆட்டம் முடியல” என்றேன் அவசரமாக. “முப்பத்தெட்டுல இருந்து உனக்கு அஞ்சு விழுந்துச்சு. ரெண்டுதான் விழணும். சரியா விழுந்தாதான் ஊருக்குள்ள போவ முடியும். அதான் ரூல்.”

அப்படி ஒரு விதி அதற்கு முந்தின நொடிவரை கிடையாது. மாமா சட்டையில் ஒரு கையை நுழைத்தபடி நின்றார். நான் அவருடைய மறு கையைப் பிடித்துக்கொண்டேன். என்ன நினைத்தாரோ, சட்டையோடு உட்கார்ந்தார்.

இரண்டு விழப் பத்து ஆட்டம் ஆனது. அதற்குள் நான் அடுத்த விதியை யோசித்துவிட்டேன். மூட்டையை இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு விழுப்புரத்துக்குத் திரும்பி வர வேண்டும். திரும்பி வந்ததும் இன்னொரு விதி: இரண்டு வண்டியும் ஒரே கட்டத்தில் வந்தால், முன்பே நின்றிருந்தது பின்னால் இருக்கிற ஊருக்குப் போக வேண்டும். ஒவ்வொரு முறை பொத்தான் ஊரை நெருங்கும்போதும் அவசர அவசரமாக ஒரு விதியைத் தேடுவேன். கிடைத்ததும் கொஞ்சம் நிம்மதி வரும். விளையாட்டு என்பது முடியக் கூடாத ஒரு காரியம் என்று அன்றைக்கு எனக்கு ஆகிப்போனது.

நடுவில் அடுத்த வீட்டு அத்தை சர்க்கரை கேட்டு வந்தார். அரைமணி நேரத்தில் புளி கேட்டு வந்தார். மூன்றாம் முறை மணி என்ன என்று கேட்டு வந்தார். அவர்கள் வீட்டுக் கடிகாரம் எங்கள் முன்னறைவரை கேட்கும்படி அடிக்கும். ஒவ்வொரு முறையும் மாமாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எனக்குக் கண்ணைக் காட்டிவிட்டுப் போனார். எதற்குக் காட்டுகிறார் என்று தெரியாமலே நானும் தலையாட்டினேன்.

விக்கிரவாண்டிக்குப் பக்கத்தில் நான் ஒரு ரயில்வே கேட் வைத்தேன். வருகிற வண்டி ஒரு ஆட்டம் நிற்க வேண்டும். அப்போதுதான் மாமா முதன்முறையாகத் திரும்பி அட்டையைப் பார்த்தார்.

“அங்க ஏது கேட்டு?”

“ஆட்டத்துல இருக்குது.”

“ரோட்டுல இல்லியே பாப்பா.”

பென்சிலை வாங்கினார். கேட்டைக் கோடு போட்டு அடித்தார். “முண்டியம்பாக்கத்துல கரும்பு வண்டி போடு. லைன் கட்டி நிக்கும். ஹாரன் அடிச்சாலும் மாடு நவுராது. ரெண்டு ஆட்டம் நிக்கணும்.” கூட்டேரிப்பட்டுக்கு ஒரு டீக்கடை வைத்தார். “இங்க டீ நல்லா இருக்கும். குடிச்சா ஒரு ஆட்டம் சேத்துப் போடலாம்.” மயிலம் போகிற பிரிவில் திருவிழாக் கூட்டம் வைத்தார். அவர் பேசப் பேச எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அம்மா வந்ததும் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொன்றையும் மனதுக்குள் எண்ணிக்கொண்டேன்.

அந்த மும்முரத்தில்தான் நான் அந்தக் கட்டத்தை எழுதினேன். பாம்பும் ஏணியில் பெரிய பாம்பு ஒன்று இருக்கும். அதன் வாய்க்குக் கிட்டே போகும்போதுதான் விளையாட்டில் ருசியே. எங்கள் சாலையில் அப்படி ஒன்றும் இல்லை. பஸ்ஸில் போகும்போது கவிழ்ந்து கிடக்கிற லாரிகளையும், சாலையில் சிதறிய கண்ணாடித் தூளையும் நான் பார்த்திருக்கிறேன். விக்கிரவாண்டிக்கும் பேரணிக்கும் நடுவில், இருபத்து மூன்றாம் கட்டத்தில், சிவப்புப் பென்சிலால் “விபத்து. மறுபடி முதலிலிருந்து” என்று எழுதினேன். மாமா அப்போது தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். பார்க்கவில்லை.

அடுத்த ஆட்டத்தில் அவருடைய பொத்தான் இருபதில் இருந்தது. மூன்று விழுந்தது. அவரே நகர்த்தினார். இருபத்தொன்று, இருபத்திரண்டு, இருபத்து மூன்று. விரல் பொத்தானின் மேலேயே நின்றது. எழுத்தைப் படித்தார். பிறகு மறுபடி படித்தார் என்று நினைக்கிறேன்.

எழுந்து பின்பக்கம் போனார். குளியலறைக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

நான் ஓடிப்போய் வெளியே நின்றேன். உள்ளே குழாய் திறந்து தண்ணீர் வாளியில் விழுந்தது. வாளி நிரம்பியது. நிரம்பி வழிகிற சத்தம் கேட்டது. யாரும் குளிக்கிற சத்தம் இல்லை. “மாமா” என்று கூப்பிட்டேன். “மாமா, என் ஆட்டம் போட்டுட்டேன். உன் ஆட்டம்தான்” என்று பொய் சொன்னேன். தண்ணீர் கதவுக்கு அடியில் வந்து என் காலை நனைத்தது.

அடுத்த வீட்டு அத்தையைக் கூப்பிட ஓடலாம் என்றால் அம்மா நகரக் கூடாது என்றிருந்தாள். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, தள்ளினால் திறந்துவிடும். ஆனால் ஒரு பெரியவர் உள்ளே இருக்கிற குளியலறைக் கதவை எப்படித் தள்ளுவது? கையைக் கதவில் வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன். நான் என்ன தப்பு செய்தேன் என்று தெரியவில்லை, ஆனால் ஏதோ செய்துவிட்டேன் என்று மட்டும் தெரிந்தது.

“அந்தக் கட்டத்த அழிச்சிடறேன் மாமா. கேட்டு மாதிரி அடிச்சிடறேன். வெளிய வா.”

குழாய் நின்றது. வெகுநேரம் கழித்து மாமா கதவைத் திறந்தார். தலையிலிருந்து சட்டைவரை நனைந்திருந்தது. என்னைப் பார்த்ததும், என் நனைந்த காலைப் பார்த்ததும், சட்டென்று குனிந்து என் தலைமேல் கை வைத்தார்.

“அழிக்காத. இருக்கட்டும்” என்றார்.

முன்னறைக்கு வந்து, ஈரத்தோடு அட்டையின் முன்னால் உட்கார்ந்தார். பென்சிலை எடுத்து, “மறுபடி முதலிலிருந்து” என்பதை மட்டும் அடித்தார்.

“திரும்பல்லாம் போவ முடியாது பாப்பா. இந்த எடத்துக்கு வந்தா நிக்கணும். யாரா இருந்தாலும். என்ன நம்பர் விழுந்தாலும் இதத் தாண்டிப் போவக் கூடாது.”

“எவ்ளோ நேரம் நிக்கணும்?”

“ஆறு விழற வரிக்கும்.”

“ஆறு விழவே விழாது மாமா.”

“விழற வரிக்கும் நிப்போம்.”

மோசமான விதி என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனால் ஆட்டம் நீளும் என்பதால் ஒத்துக்கொண்டேன். நாலைந்து சுற்றில் என் புளியங்கொட்டையும் இருபத்து மூன்றுக்கு வந்து நின்றது. அந்தக் கட்டத்தில் மட்டும் முன்பே நிற்கிற வண்டியைப் பின்னால் தள்ளக் கூடாது என்று வைத்துக்கொண்டோம். பிறகு இருவரும் மாறி மாறிப் போட்டோம். ஒன்று, நாலு, இரண்டு, இரண்டு, மூன்று. பகடை தேய்ந்து தரையெல்லாம் வெள்ளையாகிவிட்டது. அடிக்கடி நான் புள்ளியை எழுத வேண்டியிருந்தது. நடுவில் அம்மா வைத்துவிட்டுப் போன தயிர்சாதத்தைத் தட்டில் போட்டு அவர் பக்கம் தள்ளினேன். ஒரு கையால் பகடையைப் போட்டுக்கொண்டே அவர் சாப்பிட்டுவிட்டார். சாப்பிட்டார் என்பதே அவருக்குத் தெரியவில்லை. நாலு நாளில் அவர் வயிற்றுக்குள் போன முதல் முழுச் சாப்பாடு அது.

நடந்தது என்ன என்று அம்மா எனக்குச் சொன்னது, நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிறகுதான். விக்கிரவாண்டியைத் தாண்டி, வயலில் இருந்த தன் அப்பாவுக்குச் சாப்பாட்டுத் தூக்கு எடுத்துக்கொண்டு சாலையைக் கடந்து ஓடிய ஒன்பது வயதுப் பெண் ஒருத்தியை மாமாவின் வேன் இடித்துவிட்டது. பிரேக் போட்டு நிறுத்தி, மாமா கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்திருக்கிறார். வயலிலிருந்து ஆட்கள் கத்திக்கொண்டு ஓடிவந்திருக்கிறார்கள். கிளீனர், “எடுண்ணா, எடுண்ணா, அடிச்சே கொன்னுடுவாங்க” என்று அலறியிருக்கிறான். மாமா வண்டியை எடுத்துவிட்டார். நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ச் சரணடைந்தார். எந்த டிரைவரும் அதைத்தான் செய்வான் என்று ஸ்டேஷனில் இருந்தவர்களே சொன்னார்களாம். மாமாவுக்கு மட்டும் அது ஏறவில்லை. கேரளா போயிருந்ததாகச் சொன்ன வாரம் அவர் உள்ளே இருந்திருக்கிறார். ஜாமீனில் வந்த இரண்டாம் நாள் விடியற்காலையில், தண்டவாளத்துப் பக்கம் தனியாக நின்றிருந்தவரை அப்பா தேடிப்போய்க் கூட்டிவந்திருக்கிறார்.

அந்தப் பெண் திண்டிவனம் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தாள். பிழைப்பாளா என்று அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் யாருக்கும் தெரியாது. அப்பா போனது வக்கீலைப் பார்க்க. அம்மா போனது அந்தப் பெண்ணின் தாயைப் பார்க்க. ஆண்கள் யார் போனாலும் அடி விழும் என்பதால், “நான் போறேன், என்ன அடிச்சா அடிக்கட்டும்” என்று அம்மாவே கிளம்பியிருக்கிறாள். இத்தனையும் எங்கள் குடும்பத்தில் நடந்துகொண்டிருக்க, நான் சாக்பீஸுக்குப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தேன்.

வெயில் தாழ்ந்து, ஜன்னல் வழியாக வெளிச்சம் எதிர்ச்சுவருக்குப் போன நேரத்தில், எனக்கு ஆறு விழுந்தது.

நான் கத்தியே விட்டேன். மாமா என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். “போ. நீ போ” என்றார். அந்த நிமிடத்தில் காவலையும் மறந்தேன், ஆட்டம் முடியக் கூடாது என்பதையும் மறந்தேன். ஜெயிக்கிற ஆசை வந்துவிட்டது. பேரணியைத் தாண்டினேன். கூட்டேரிப்பட்டில் டீ குடித்து ஒரு ஆட்டம் சேர்த்துப் போட்டேன். மாமா தன் முறை வரும்போதெல்லாம் போட்டார். ஐந்து விழுந்தது, ஒன்று விழுந்தது. பொத்தான் அங்கேயே நின்றது. முப்பத்தேழில் இருந்து எனக்குச் சரியாக மூன்று விழுந்தது. புளியங்கொட்டையைத் திண்டிவனத்தில் டக்கென்று வைத்தேன்.

அப்போது வாசலில் சத்தம் கேட்டது. அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள். புடவைத் தோள் கிழிந்து, ஊக்கு குத்தியிருந்தது. அப்பா வாசற்படியிலேயே நின்றுவிட்டார். நான் ஜெயித்ததைச் சொல்ல வாயெடுத்தேன். அம்மா என்னைத் தாண்டிப் போய் மாமாவின் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். அட்டையின் ஒரு ஓரம் அவள் முழங்காலின் கீழே மடங்கியது.

“கண்ண முழிச்சிட்டாடா” என்றாள். “மத்தியானம் முழிச்சிட்டா. அவங்க அம்மாவ கூப்டுச்சாம். தண்ணி கேட்டுச்சாம். நான் என் காதால கேட்டேன்டா, அந்தப் பொண்ணு பேசறத.”

மாமா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அழுகை என்றால் சாதாரண அழுகை இல்லை. தோள் குலுங்க, மூச்சு முட்ட, தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கும்படி அழுதார். அம்மா அவர் தலையை இழுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு கேஸ் வருஷக்கணக்கில் நடந்தது. அந்தப் பெண்ணுக்கு ஒரு கால் சற்றுக் கோணிப்போனது. மாமா அவளை ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தார், அங்கே அடியும் வாங்கினார். மறுபடியும் போனார். வேன் ஓட்டுவதை விட்டுவிட்டு வளவனூரில் ஒரு அரிசி மில்லில் வேலைக்குச் சேர்ந்தார். இப்போது அந்தச் சாலை நாலு வழியாகிவிட்டது. எந்த இடத்தில் நடந்தது என்று அவராலேயே காட்ட முடியாது என்கிறார்.

அன்று மாலை எனக்கு இதில் எதுவும் தெரியாது. கண் விழித்த பெண் யார் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. எனக்குத் தெரிந்தது, நான் ஜெயித்தேன், மாமா அழுகிறார், அவ்வளவுதான். அவரை அங்கே தனியாக விட்டுவிட்டு நான் மட்டும் முன்னால் போய்விட்டேன். அம்மா என்னை நம்பித்தான் விட்டுவிட்டுப் போனாள். திண்டிவனத்திலிருந்து என் புளியங்கொட்டையை எடுத்து, இருபத்து மூன்றாம் கட்டத்தில் அவருடைய பொத்தானுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

“நான் திரும்ப வந்துட்டேன் மாமா. நாம ரெண்டு பேரும் இங்கயே நிக்கலாம்” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு முன்னைவிட அதிகமாக அழுதார். ஒரு விளையாட்டில் தோற்பது பெரியவர்களுக்கு இவ்வளவு வலிக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.